பழைய காரில் தோள் பெல்ட்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன தலைமுறை வாங்கிய ஆஸ்டின், மாரிஸ். பிறகு வந்த அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. படைப்புக்கோ (முன்னோருக்குச் செய்யும் குடும்பப் பூசை) கல்யாணத்துக்கோ வெளியூர்ப் பிள்ளைகள் வரும்போதுதான் அது வெளியே வரும். வந்த பிள்ளை சீட்டில் உட்கார்ந்ததும் கை தானாகத் தோளுக்குப் பின்னால் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. அப்புறம்தான் என்னைப் போன்ற ஆளைத் தேடுவார்கள்.

நான் தகட்டு வேலைக்காரன். பழைய வண்டிகளுக்குத் துரு வெட்டி, தகடு வைத்து, கேட்பவர்களுக்குப் பெல்ட்டும் மாட்டிக் கொடுக்கிறேன். மூன்று இடத்தில் பிடிக்கும் தோள் பெல்ட்டை வால்வோ கம்பெனி 1959-இல் தன் கார்களில் கொண்டுவந்தது. நம் நாட்டில் முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1994 மார்ச் 25-க்குப் பிறகு தயாரான கார்களுக்குத்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட்டும் கிடையாது, அதை மாட்ட வேண்டிய மரையும் (போல்ட் ஏறும் திருகுத் துளை) கிடையாது. எல்லாவற்றையும் நாமே உண்டாக்க வேண்டும்.

மாட்டிய பிறகு வரும் புகார்களைத்தான் கீழே ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் "பெல்ட் கெட்டுப்போச்சு" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட் நன்றாகத்தான் இருக்கும். மாட்டிய இடமோ கோணமோ அடியில் இருக்கும் தகடோதான் தப்பாக இருக்கும்.

இழுத்தால் பட்டை வரவே இல்லை

புதுப் பெல்ட் வாங்கியவர் முதலில் செய்வது, டப்பாவைத் திறந்து, பட்டை சுருண்டிருக்கும் ரீலை மடியில் வைத்துக்கொண்டு பட்டையை இழுத்துப் பார்ப்பது. வராது. உடனே கடைக்காரருக்குத் திட்டு விழும். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. ரீலுக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரும்புக் குண்டு ஒன்றோ, தொங்கும் ஊசல் ஒன்றோ இருக்கிறது. கார் திடீரென்று வேகம் குறைந்தால் அது நகர்ந்து பல்லைத் தூக்கி ரீலைப் பூட்டும். ரீலைச் சாய்த்தாலும் அது நகரத்தான் செய்யும். ஐரோப்பிய விதிப்படி, மாட்ட வேண்டிய நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது. 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும். மடியில் கிடக்கும் ரீல் எந்தக் கோணத்தில் கிடக்கிறதோ யார் கண்டது?

ரீலை ஒரு கையில் பிடித்து, மறு கையால் பட்டையை மெதுவாக இழுத்தபடியே மணிக்கட்டை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் வழவழவென்று வரும். அந்த நிலையில் ரீலின் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் அந்தக் கோடு தரைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும், முன்பின்னாகவும் சரி, இடவலமாகவும் சரி. கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று இருந்தால் போதும். அளக்கும்போது வண்டி சமதரையில் நிற்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிய வண்டியில் இந்தக் கோளாறு இருந்தால் மூன்று சந்தேகங்கள். பழைய கார்களில் முன்கதவுக்குப் பின்னால் இருக்கும் நடுத்தூண் நேராக நிற்பதில்லை. அதன் மேல் ரீலை அப்படியே அப்பினால் தூணின் சாய்வு ரீலுக்கும் வந்துவிடும். இரண்டாவது, இடது ரீலை வலதில் மாட்டியிருப்பார்கள். மூன்றாவது, நேராக நிற்க வேண்டிய ரீலைப் படுக்க வைத்திருப்பார்கள். சில ரீல்களில் பக்கவாட்டு மூடியைத் திருகிக் குண்டின் கோணத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கும்; பழைய காருக்கு அந்த வகையைத் தேடி வாங்குவது புத்திசாலித்தனம். வழி இல்லாவிட்டால் ஆப்பு வடிவில் கெட்டித் தகட்டுத் தாங்கி ஒன்று செய்து அதன்மேல் ரீலை நிறுத்துங்கள். வாஷரை வாஷர் மேல் அடுக்கிச் சாய்வு கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம், போல்ட் வளைந்துவிடும்.

அபூர்வமாக இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த பெல்ட்டுகளில், பட்டையை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் குழந்தை இருக்கையைக் கட்டுவதற்கான பூட்டு விழும் வகை இருக்கிறது. டிக் டிக் என்று உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. முழுக்க உள்ளே விட்டால் சரியாகிவிடும்.

ஷெட்டு வாசலில் மட்டும் பூட்டிக்கொள்கிறது

நம் ஊர் வீடுகள் தெருவைவிட உயரம். ஷெட்டுக்கு ஏறும் சாய்வில் நிற்கும்போது மட்டும் பட்டை வரவில்லை, தெருவில் வருகிறது என்றால் ரீல் ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அதற்குக் கிடைத்த 12 டிகிரியில் பாதியை நீங்களே தின்றுவிட்டீர்கள், மீதியைச் சாய்வு தின்கிறது. மேலே சொன்னபடி கோணத்தைத் திருத்துங்கள். சாய்வே ரொம்பச் செங்குத்து என்றால், பெல்ட்டைத் தெருவில் இறங்கிப் போட்டுக்கொள்வதுதான் வழி. அது கோளாறு இல்லை.

வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டவில்லை

பயப்படுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டை வேகமாக வெளியேறினால் பூட்டுவது ஒரு வகை. வண்டியின் வேகம் குறைந்தால் பூட்டுவது இன்னொரு வகை. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பழைய ரீல் சிலவற்றில் வண்டியின் அசைவுக்கு மட்டும்தான் பூட்டு. அதைக் கையால் எவ்வளவு இழுத்தாலும் பூட்டாது.

ஆளே இல்லாத ரோட்டில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 15 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை நன்றாக மிதியுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பட்டையைக் கையால் மெதுவாக இழுத்தபடி வரட்டும். பிரேக் பிடித்த கணத்தில் பட்டை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரீலை மாற்றுங்கள். பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே கடிகாரச் சுருள் மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, மூடியைத் திறந்தால் முகத்துக்கு வரும். திரும்ப அடக்கி வைக்க நம் பட்டறைகளில் யாருக்கும் வழி தெரியாது. எனக்கும் தெரியாது.

கழற்றினால் உள்ளே சுருள மறுக்கிறது

இங்கே முதல் குற்றவாளி செம்மண். கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுகிற கார்களில் இரண்டே மாதத்தில் பட்டை விறைத்துவிடும். வெள்ளைச் சட்டை போட்டவர் மார்பில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழ ஆரம்பித்தால் பட்டையைக் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பட்டையை முழுக்க வெளியே இழுத்து, திரும்பப் போகாமல் ஒரு கிளிப்பைப் போட்டு, சாதாரணக் குளியல் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். தூணின் மேலே பட்டை நுழைந்து திரும்பும் தோள் வளையத்தில் படிந்திருக்கும் கறுப்புப் பிசுக்கையும் துடையுங்கள்; பாதிக் குறை அதில்தான் இருக்கும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். பிளீச்சிங் பவுடர், சாயம், பெட்ரோல் எதுவும் படக் கூடாது, நூல் செத்துவிடும். ரீலுக்கு எண்ணெய் விடுவதும் தப்பு. எண்ணெயில் புழுதி ஒட்டி இன்னும் மோசமாகும்.

துடைத்தும் சுருளவில்லை என்றால் பட்டை எங்கே உரசுகிறது என்று பாருங்கள். ரீலிலிருந்து தோள் வளையத்துக்கு நேர்கோட்டில் ஏற வேண்டும். ரீல் முன்னால், வளையம் பின்னால் என்று இருந்தால் பட்டை ரீல் வாயின் ஓரத்தில் ஏறி மடியும். ஓரம் பிசிறடித்த பட்டையை வைத்துக்கொள்ளாதீர்கள். வளையத்துக்குள் பட்டை ஒரு முறுக்கு முறுகிக் கிடந்தாலும் இதே கதைதான்.

கழுத்தை அறுக்கிறது, அல்லது தோளிலிருந்து நழுவுகிறது

இந்தப் புகார்தான் அதிகம். இதற்கு ஆளுக்கு ஒரு கைவைத்தியமும் வைத்திருக்கிறார்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு அம்பாசடருக்குப் பெல்ட் மாட்டினேன். வண்டி ஓட்டும் அண்ணன் ஆறடி. அவர் தோளுக்குச் சரியாக வளையத்தை வைத்து, அவர் போட்டுப் பார்த்து "பிரமாதம்" என்றார். அடுத்த வாரம் அவருடைய பெரியம்மா, எண்பதைத் தாண்டிய ஆச்சி, பிள்ளையார்பட்டி போய்வந்தார். வந்ததும் எனக்குப் போன். "தம்பி, நீ பெல்ட்டா மாட்டியிருக்கே? கழுத்துக்குச் சுருக்குல்ல மாட்டியிருக்கே!" போய்ப் பார்த்தால், பட்டையைக் கைக்கு அடியில் விட்டு, அக்குள் வழியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்குள் வழியாகப் போடுவது பெல்ட் போடாததைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. மோதும்போது முழு பாரமும் விலா எலும்பில் இறங்கும். கழுத்துப் பக்கம் பட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் விற்கிறார்கள். அவற்றில் சில பட்டையைத் தொளதொளவென்று விட்டுவிடும். தலையணை போட்டு உயர்த்தினாலும் மோதலில் பஞ்சு அமுங்கி ஆள் அடியில் வழுக்குவார்.

பட்டை, தோள் எலும்பின் நடுவில், கழுத்துக்கும் தோள் முனைக்கும் இடையில் கிடக்க வேண்டும். மேல் வளையம் உட்கார்ந்தவரின் தோள் உயரத்திலோ அதற்குக் கொஞ்சம் மேலோ, தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தோளைவிடக் கீழே போகவே கூடாது. கீழே போனால் மோதும்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், பாரம் முதுகுத்தண்டில் இறங்கும். நழுவுகிறது என்ற புகார் வந்தால் வளையம் ரொம்ப வெளியே தள்ளியோ கீழேயோ இருக்கிறது; கழுத்தில் ஏறுகிறது என்றால் ஆள் குட்டை அல்லது வளையம் உயரம்.

அம்பாசடரிலும் பத்மினியிலும் இன்னொரு சிக்கல் உண்டு. முன்சீட் ஒரே பலகை மாதிரி பெஞ்சு. ஓட்டுபவர் நெட்டையாக இருந்து சீட்டைப் பின்னால் தள்ளினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து பின்னால் போவார். தூண் அவர் கன்னத்துக்கு நேரே வந்துவிடும், பட்டை தோளுக்குப் பின்னாலிருந்து வராமல் பக்கவாட்டிலிருந்து வரும். ஆகவே ஓட்டும் பக்கத்து அளவை அப்படியே மறுபக்கம் காப்பி அடிக்காதீர்கள். யார் வழக்கமாக எங்கே உட்காருவாரோ அவரை உட்கார வைத்து, சீட்டை வழக்கமான இடத்தில் நிறுத்தி, தூணில் சாக்பீஸால் குறியுங்கள். நான் இப்போதெல்லாம் தூணுக்குள் வைக்கும் தகட்டில் மேலும் கீழுமாக மூன்று மரை வைத்துவிடுகிறேன். ஆச்சி வரும்போது வளையத்தைக் கீழ் மரைக்கு மாற்ற ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். கீழ் மரையும் ஆச்சியின் தோளுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

1994-க்குப் பிந்திய அம்பாசடர் ஒன்று பக்கத்தில் கிடைத்தால் கம்பெனி எங்கே துளை வைத்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்து வந்துவிடுங்கள். பாதி யோசனை மிச்சம்.

இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறுகிறது

இடுப்புப் பட்டை தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டும். வயிற்றில் எலும்பு இல்லை. பட்டை அங்கே ஏறினால் உள்ளே இருக்கும் குடலும் கல்லீரலும்தான் பாரம் தாங்க வேண்டும்.

ஏறுவதற்குக் காரணம் கீழ்ப் பிடிமானம் ரொம்பப் பின்னால் இருப்பது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இடுப்புப் பட்டை தரைக்கு 45 முதல் 75 டிகிரி வரை செங்குத்தாக இறங்க வேண்டும். பின்சீட்டுக்காரர் காலடியில் துளை போட இடம் வசதியாக இருக்கிறது என்று அங்கே போட்டுவிடுவார்கள். பட்டை கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு வரும். போல்ட்டை முன்னால் கொண்டுவருவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கொக்கியின் தண்டு நீளமாக இருந்தாலும் இதே தொல்லை. கொக்கி தொப்புளுக்கு வந்து நிற்கும். அது இடுப்பின் பக்கவாட்டில், சீட் ஓரத்தோடு நிற்கும் அளவுக்குக் குட்டையானதை வாங்குங்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னொரு குறிப்பு: வேட்டி மடியில் சுருட்டி வைத்த பணப்பையின் மேல் பட்டையைப் போடாதீர்கள். பையை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

போல்ட் ஏறவில்லை, அல்லது ஏறி சும்மாவே சுற்றுகிறது

பெல்ட்டோடு வரும் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை கொண்ட நுண்மரை. மில்லிமீட்டரில் 11.1. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் போல்ட் கண்ணுக்கு அதே மாதிரி இருக்கும். மரையின் வாயிலேயே சிக்கி இறுகிக்கொள்ளும். ஸ்பேனருக்குக் குழாயைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், பிறகு சும்மா சுற்றும். கையால் நாலைந்து சுற்று ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது.

சரியான போல்ட்டே ஏறவில்லை என்றால் மரையில் பெயின்ட்டோ துருவோ இருக்கும். மரை வெட்டும் கருவியான 7/16 நுண்மரை டேப்பை லேத்துப் பட்டறையில் வாங்கி ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும். போன மரையைப் பெரிதாக்கி வேறு போல்ட் போடாதீர்கள், தகட்டையே மாற்றுங்கள். பெல்ட் கிட்டோடு வந்த போல்ட்டையே பயன்படுத்துங்கள். அதன் கழுத்தில் மரை இல்லாத ஒரு மொழுக்கைப் பகுதி இருக்கிறதே, அது சும்மா இல்லை. போல்ட்டை முழுக்க இறுக்கிய பிறகும் பெல்ட்டின் இரும்புக் காது சுழல வேண்டும் என்பதற்காக வைத்தது. காது சுழலாமல் விறைத்து நின்றால் இடையில் போடும் ஸ்பேசர் வளையத்தை மாட்ட மறந்துவிட்டீர்கள் அல்லது வாஷரின் வரிசை மாறிவிட்டது. ஓடும்போது கடகடவென்று சத்தம் வந்தால் காதுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைக்க வேண்டிய அலை வாஷரோ நைலான் வாஷரோ இல்லை.

இறுக்கினால் தகடு குழிகிறது

இந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். மற்ற கோளாறெல்லாம் தொந்தரவு, இது ஆபத்து.

பிடிமானங்களைச் சோதிக்கும் ஐரோப்பிய விதியில், காருக்கு தோள் பட்டையில் சுமார் 1,350 கிலோ எடைக்குச் சமமான இழுப்பும், அதே நேரத்தில் இடுப்புப் பட்டையில் இன்னொரு 1,350 கிலோவும் கொடுத்து இழுப்பார்கள். பிய்ந்து வரக் கூடாது. ஒரு அம்பாசடர் காரையே தூக்கித் தொங்கவிடுகிற அளவு பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தரைத்தகடு ஒரு ஸ்பேனருக்கே குழிகிறது என்றால் அது என்ன தாங்கும்?

தகடு நல்ல தகடாக இருந்து, வெறும் வாஷர் மட்டும் வைத்ததால் குழிந்தது என்றால் பின்தகடு வைக்க வேண்டும். பந்தயக் கார் விதிகளில் சொல்லும் அளவு எளிதாக நினைவில் நிற்கும்: 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 3 மில்லிமீட்டர் கனம், இது குறைந்தபட்சம். நான் 10-க்கு 5 சென்டிமீட்டர் வெட்டுவேன். மூலைகளை உருட்டிவிடுவேன், கூர்மூலை மோதலில் தகட்டைக் கத்தி மாதிரி கிழிக்கும். பின்தகடு தரைக்கு வெளிப்பக்கம், அடியில் இருக்க வேண்டும், இழுக்கும்போது அது தரையை அழுத்திப் பிடிக்கும். உட்பக்கம் மட்டும் வைத்தால் வெல்டு ஒன்றுதான் அதைத் தாங்கும். வளைந்த இடத்தில் பின்தகட்டையும் அந்த வளைவுக்குத் தட்டி உட்கார வையுங்கள்.

நடுத்தூணில் வேலை நுணுக்கம். தூண் உள்ளே வெறும் பெட்டி. ஓட்டை போட்டு போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கினால் பெட்டி சப்பையாகிவிடும். தூணின் உட்தகட்டில் ஒரு வாய் வெட்டி, மரை பற்றவைத்த 3 மில்லிமீட்டர் தகட்டை உள்ளே விட்டு, சுற்றிப் பற்றவைத்து மூட வேண்டும். மின்சார வெல்டிங் தெரிந்த நல்ல ஆளிடம் கொடுங்கள். கேட்டு கிராதி பற்றவைக்கிற தம்பியிடம் கொடுக்காதீர்கள். பேட்டரி கழற்றியிருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் மெத்தை, கூரைத்துணி எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும்.

அடுத்தது, துரு. அம்பாசடர், பத்மினி, மாரிஸ் மைனர் இவற்றுக்கெல்லாம் தனி சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித்தகடும், அது தூணோடு சேரும் இடமும்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளிப் பிடிமானம் வர வேண்டியதும் அங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒரு தடவை தேவகோட்டைப் பக்கம் ஒரு பத்மினி. புதிதாகப் பெயின்ட் அடித்து வாங்கியது. டிரில்லை வைத்தேன், இரும்புச் சீவல் வரவில்லை, வெள்ளைப் பொடி வந்தது. பட்டி! பள்ளம் நிரப்பும் அந்தப் பசையை ஒரு விரல் கனத்துக்கு அப்பி, மேலே பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். தட்டத் தட்டக் கையளவு தகடு உதிர்ந்தது. துருவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற சிக்ரி இருக்கிற வட்டாரத்தில் இப்படி ஒரு வண்டி!

டிரில்லை எடுப்பதற்கு முன் காந்தம் ஒன்றை ஒரு மெல்லிய துணியில் சுற்றி அந்தப் பகுதி முழுக்க நகர்த்துங்கள். பிடிக்காத இடம் பட்டி. அடியிலிருந்து ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் துரு வெட்டிப் புதுத் தகடு வைக்கும் வேலை, அப்புறம்தான் பெல்ட். துருப்பிடித்த தகட்டின் மேல் எவ்வளவு பெரிய பின்தகடு வைத்தாலும் அதைச் சுற்றிக் கிழிந்துகொண்டு வரும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

துளை போடும் இடத்துக்கு நேர் கீழே கை விட்டுத் தடவுங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஹேண்ட் பிரேக் கம்பி, விளக்கு ஒயர் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடும். பின்சீட்டுக்குப் பெல்ட் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், பெட்ரோல் டேங்கும் பின்னால்தான். டேங்கை இறக்காமல் அங்கே டிரில்லோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம்.

பற்றவைத்த இடத்துக்கு உள்ளும் புறமும் துருத்தடுப்புப் பெயின்ட். இதை மறந்தால் நீங்கள் வைத்த தகடே அடுத்த துருவுக்கு விதை.

தோள் வளையம் மாட்டத் தூணே இல்லை

திறந்த கூரை வண்டிகளில் இந்தப் பிரச்சினை. சீட்டின் முதுகில் வளையத்தைத் தைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். அந்தச் சீட் முதுகு தன் எடையைத் தாங்குவதற்குச் செய்தது. மோதலில் மடிந்து முன்னால் வரும், ஆளையும் சேர்த்து அமுக்கும். தோளிலிருந்து நேராகச் சீட்டுக்குப் பின்னால் தரைக்கு இறக்குவதும் கூடாது. முதுகுத்தண்டு பற்றி மேலே சொன்னேனே, அதேதான். இந்த வண்டிகளுக்கு இடுப்புப் பெல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது வண்டி கட்டமைப்பு தெரிந்த பொறியாளரிடம் தனிக் கூடு ஒன்றை வடிவமைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வண்டிகள் சிலவற்றில் தூண் இருக்கும், தட்டினால் மரச் சத்தம் கேட்கும். மேலே மெல்லிய தகடு, உள்ளே மரச்சட்டம். மரத்தில் திருகிய போல்ட்டை நம்பாதீர்கள். நம் வீட்டுத் தேக்குத் தூண் வேறு, கார் மரச்சட்டம் வேறு.

ஹெரால்டு மாதிரி சேஸிஸ் தனி, உடம்பு தனி என்ற வண்டியில் ஒரு பிடிமானத்தைச் சேஸிஸிலும் மற்றதை உடம்பிலும் பிரித்துப் போடாதீர்கள். மோதலில் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று நகரும். ஹெரால்டில் சீட் முதுகு முன்னால் மடியும். அதைப் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒன்று செய்து மாட்டுங்கள்.

கொக்கி சீட்டுக்குள் புதைந்துவிடுகிறது

பெஞ்சு சீட்டில் இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவில் கை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும். இரண்டு முறை துழாவியவர் மூன்றாம் முறை பெல்ட்டே போட மாட்டார். கொக்கியின் பட்டைக்கு விறைப்பான பிளாஸ்டிக் உறை கிடைக்கிறது, மாட்டினால் நிமிர்ந்து நிற்கும். சித்திரை வெயிலில் வெளியே நின்ற வண்டியில் கொக்கியின் இரும்பு சுடும். அதன்மேல் ஒரு கைத்துண்டைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

பெல்ட் பழையது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது

இது அறிகுறி இல்லை, ஆசை. பழைய சாமான் கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தது என்று கொண்டுவருவார்கள். மோதிய வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட் ஒருமுறை நீண்டு தன் வேலையை முடித்துவிட்டது. கொக்கியின் நாக்கில் பிளாஸ்டிக் தேய்ந்த கோடு, தோள் வளையத்தில் உருகிய தடம், பட்டையில் அலை அலையாகச் சுருக்கம் இருந்தால் அது அப்படி வந்ததுதான். அடையாளம் இல்லாவிட்டாலும் கதை தெரியாத பெல்ட் வேண்டாம். ஏர்பேக் வந்த காலத்துப் பெல்ட்டில் ரீலோடு ஒரு குழாயும் ஒயரும் சேர்ந்திருக்கும், உள்ளே வெடிமருந்து. அதைத் தட்டாதீர்கள், வெல்டிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புதிதாக வாங்கும்போது பட்டையில் தைத்த லேபிளைப் பாருங்கள். ஐ.எஸ். 15140 என்றோ, வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும் என்றோ இருக்க வேண்டும். லேபிளே இல்லாத பெல்ட் அழகுக்குத்தான் ஆகும்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்து வி.ஏ. எண் வாங்க நினைப்பவர்கள் "பெல்ட் மாட்டினால் பதிவு போகுமா" என்று கேட்கிறார்கள். 2021-இல் வந்த அந்த விதி தடுப்பது சேஸிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றும் பெரிய வேலைகளை. இருந்தாலும் துளை போடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டலாம்.

எல்லாம் முடிந்து 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சீட்டைத் தூக்கி ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். நான் போல்ட்டின் தலையிலும் பக்கத்துத் தகட்டிலும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்துவிடுவேன். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது. கானாடுகாத்தான் ஆச்சி இப்போது காரில் ஏறுமுன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாராம்.